கழுத்துவலியும் நோய்க் குறியீடும்

கழுத்துவலி நோயன்று, அறிகுறி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில், காரணம் தெளியாத கழுத்துவலியை 'எம் 54.2' என்று குறிக்கிறோம். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் 'எம் 50.1', விபத்தில் நேர்ந்த சுளுக்காயின் 'எஸ் 13.4'. குறியீடு பிழையானால், அடுத்துப் பார்க்கும் மருத்துவரும் காப்பீட்டு நிறுவனமும் வேறொரு நோயையே அறிவர்.

நீங்கள் சொல்வதையும் பரிசோதனையில் காண்பதையும் கொண்டே நாங்கள் எழுதுகிறோம். வலி எப்போது தொடங்கியது, அடிபட்டதா, எந்தக் கைக்குப் பரவுகிறது, எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பவற்றைத் தவறாமல் கூறுங்கள். கைகால் வலுவிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க இயலாவிட்டாலோ உடனே வாருங்கள்.

வீடு திரும்புமுன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பாருங்கள். இடக்கை வலக்கையென மாறியிருந்தால், தயங்காமல் சொல்லுங்கள். சரிபார்த்துத் திருத்தித் தருவோம்.