உங்களுக்குத் தெரியுமா? பல்லை ஆட்டுவது ஸ்கேலிங் அல்ல, காரை!
'ஸ்கேலிங்கில் பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்' என்று பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வடசென்னையின் காத்திவாக்கம் மட்டும் விலக்கா? பல்லில் படியும் பிசுபிசுப்பு சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் மசியாது. அதனால் ஈறு விலகும், அடியில் எலும்பு கரையும், பல் ஆடும். ஸ்கேலிங்கில் காரை பெயர்ந்ததும், அது அடைத்திருந்த இடைவெளி கண்ணில் படும். கொஞ்ச நாள் கூசும், அவ்வளவே.

நல்ல ஈறு என்றால் டாக்டரின் அளவுகோல் 1 முதல் 3 மி.மீ. வரைதான் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறங்கும். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும் (ஏமாந்துவிடாதீர்கள்!).

பல்லைக் காட்ட வேண்டுமா? காத்திவாக்கத்தில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் கோட்டை. 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதன் அருகில்தான்.