ஓமந்தூரும் மிசோரியும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் என்றதும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர்க்குக் கென்னடியின் பெயரே நினைவுக்கு வரும். அவர் கத்தோலிக்கர் என்ற உறவே அதற்குக் காரணம். நாம் ஈண்டு எழுதப் புகுவதோ, அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர் அப்பதவியில் இருந்த ஹாரி ட்ரூமனைப் பற்றி. அவர் வாழ்வை நோக்குங்கால், நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்த உழவர் ஒருவரும் உடன் நினைவுக்கு வருகிறார்.

அவரே ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அமெரிக்க மிஷனரிமார் திண்டிவனத்தில் நடத்திய பள்ளியில் பயின்றவர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். 1947 மார்ச்சுத் திங்களில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பெரிய மாகாணம் அது. நாடு விடுதலை பெற்ற நாளில் அதன் ஆட்சிப் பொறுப்பு இந்த உழவர் கையில் இருந்தது.

ட்ரூமனும் மிசோரி மாநிலத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஏர்த்தொழில் செய்தவர்; கல்லூரிப் பட்டம் பெறாதவர். ரூஸ்வெல்ட் இறந்ததனால், 1945 ஏப்ரல் 12 அன்று எதிர்பாராமல் அவர்மீது பதவி வந்து விழுந்தது. நான்கு திங்களுக்குள் இரண்டு அணுகுண்டுகள் அவர் ஆட்சியில் வீசப்பட்டன. இரண்டாவது குண்டு நாகசாகியில் ஊராக்காமி பேராலயத்தையும், அங்கே தலைமுறை தலைமுறையாக மறைவில் விசுவாசத்தைக் காத்து வந்த நம் சகோதரர்களின் வழித்தோன்றல்களையும் அழித்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்தல் நமக்கு ஒல்லாது. போரை விரைவில் முடித்தது என்பார் உளர். நம் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை.

எனினும் 1948 சூலை 26 அன்று அதே ட்ரூமன், படைகளில் நிறம் பாராது அனைவரையும் சமமாக நடத்த ஆணையிட்டார். தம் கட்சியிலேயே தென் மாநிலத்தார் பகைப்பர் என்பதை அறிந்தே அதனைச் செய்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, ஓமந்தூரார் ஆட்சியில் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியிருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடியதன் பலன் அது. 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1949-இல் பாரதியார் நூல்களின் உரிமையை அரசு வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் இத்தனையும்! நிலமுடைய குடியில் பிறந்தவர் நிலவுடைமையாளரின் பிடியைத் தளர்த்தியது சிறிய செயலன்று.

ஆனால் சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவி குமாரசாமி ராஜாவிடம் சென்றது. ஓமந்தூரார் வடலூருக்குச் சென்று, வள்ளலார் நெறியில் ஈடுபட்டு, அங்கே கல்விப் பணியும் அறப்பணியும் புரிந்தார். 1970-இல் காலமானார்.

ட்ரூமன் 1953 சனவரியில் தம் மனைவியுடன் தொடர்வண்டியேறி ஊர் திரும்பினார். முன்னாள் தலைவருக்கு ஓய்வூதியம் என ஒன்று அப்போது கிடையாது. பழைய படைவீரர் என்ற முறையில் திங்களுக்கு 112 டாலர் சொச்சமே அவருக்குக் கிடைத்தது. 1958-இல்தான் முன்னாள் தலைவர்களுக்கென ஓய்வூதியச் சட்டம் இயற்றினர். அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அவர் விடுத்த கோரிக்கை அவர் ஆட்சியில் தோற்றது. 1965-இல் முதியோர்க்கேனும் அது சட்டமானபோது, ஜான்சன் மிசோரிக்கே வந்து, ட்ரூமன் முன்னிலையில் கையொப்பமிட்டார்.

சென்னையில் ஓமந்தூரார் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கென எழுப்பிய கட்டடம் 2014 முதல் அரசு பன்னோக்கு மருத்துவமனையாக இயங்குகிறது. விழுப்புரம், திண்டிவனத்திலிருந்தும் நோயாளிகளை அங்கே அழைத்துச் செல்கிறோம். சீட்டில் அச்சிட்டிருக்கும் அப்பெயர் தம் மாவட்டத்து ஊரொன்றின் பெயர் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓமந்தூரில் அவருக்கு ஒரு மணிமண்டபமும் உண்டு. திண்டிவனம் பக்கம் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுடன் ஒரு மணி நேரம் அங்கே இறங்கிப் பார்க்கலாம்.