ஐந்நூறு வீடுகளும் ஒரு வகுத்தல் கணக்கும்

அக்கரைப்பற்றில் வீட்டுத்திட்டம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நுரைச்சோலைதான். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள் அங்கே இருக்கின்றன. பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, சந்தை என்று ஒரு ஊருக்கு வேண்டியதெல்லாம் சேர்த்தே கட்டினார்கள். குடியேற்றம்தான் நடக்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் பற்றைக்காடு மூடிக் கிடந்தது. ஏன் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "வழக்குப் போட்டாங்களாம்" என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. உயர்தரத்தில் புவியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், இந்தப் பிரச்சினையின் நடுவில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு இருப்பது விளங்கியது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. (தெற்கில் அது 100 மீற்றர்தான்.) எங்கள் ஊர்களின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு ஒடுங்கிய துண்டில் வளவோடு வளவு ஒட்டிய வீடுகள். வயலை நிரப்பிக் கட்டலாம் என்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். ஆகவே வீடிழந்தவர்களுக்கு உள்ளே, அரச காணியில்தான் இடம் தேட வேண்டியிருந்தது. நுரைச்சோலை அப்படித் தெரிவான இடம்.

அதற்கு எதிர்ப்பு வந்தது. இடம் தீகவாபி புனித பூமியை அண்டியது என்றார்கள். அரச காணியை ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கலாமா என்றும் கேட்டார்கள். 2008இல் அடிப்படை உரிமை மனு தாக்கலானது. வீடுகள் இன விகிதாசாரப்படி பகிரப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் எந்த விகிதாசாரம்? ஒரு பின்னத்தில் கோட்டுக்குக் கீழே எந்த எண்ணைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறிவிடும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். மாவட்ட விகிதாசாரப்படி 500 வீடுகளைப் பிரித்துப் பார்த்தேன். முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ 217, சிங்களவருக்கு 194, தமிழருக்கு 86 வந்தது. இது நான் போட்ட கணக்கு, நீதிமன்றம் போட்டதல்ல. ஆனால் சுனாமி மாவட்ட விகிதாசாரம் பார்த்து அடிக்கவில்லை. மாவட்டத்துச் சிங்கள மக்களில் பெரும்பாலோர் வாழும் உகண, தமண, தெஹியத்தகண்டிய எல்லாம் உள்நாட்டில் இருக்கின்றன. கடல் வந்தது கரையோர முஸ்லிம், தமிழ் ஊர்களுக்குத்தான். வீடிழந்த குடும்பங்களின் எண்ணிக்கையைக் கோட்டுக்குக் கீழே போட்டிருந்தால் விடை முற்றிலும் வேறாக வந்திருக்கும்.

அதே கணக்கு எங்களையும் கேள்வி கேட்கிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆலையடிவேம்பிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பயனாளிகள் பட்டியல் ஊரார் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டப்பட்டிருந்தால், "இவர்கள் வீடிழந்ததால் பெறுகிறார்கள், இனத்தால் அல்ல" என்று எவரிடமும் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன விகிதாசாரம் எங்கும் பிழையென்று நான் சொல்லவரவில்லை. சிங்கப்பூரில் 1989 முதல் அரச அடுக்குமாடிகளில் சீனர், மலாயர், இந்தியர் முதலானோர் ஒவ்வொரு கட்டடத்திலும் இத்தனை வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி உண்டு. ஆனால் அங்கே அரசாங்கம் நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு வீடு கட்டுகிறது. நுரைச்சோலையில் இருந்ததோ இழந்ததற்கு ஈடான 500 வீடுகள். இரண்டும் ஒரே கணக்கல்ல.

இதை வீட்டில் வாசித்துக் காட்டியபோது உம்மா கேட்டா: "வீடு யாருட பேர்ல எழுதுறாங்க?"

அது நான் யோசிக்காத கேள்வி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு சீதனமாக அவளுக்குப் போகும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்குள்ள தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் ஒன்றாகவே இருப்பதை எழுதியிருக்கிறார். சுனாமியில் போன வீடுகளில் எத்தனையோ பெண்களின் பேரில் இருந்தவை. பதிலுக்கு வீடு கொடுக்கும்போது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர்தான் ஏறும். உம்மா இழந்த உறுதி வாப்பாவின் பேரில் திரும்பி வந்தால், அது கணக்கில் ஒரு வீடு கூடியதாகத்தான் தெரியும். பெண் காணி இழந்தது எந்த அட்டவணையிலும் வராது. சீதன வழக்கத்தில் எனக்கு வேறு முறைப்பாடுகள் உண்டு, அதை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்தில் உள்ள தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் சொல்ல வேண்டும். வாப்பாவின் பெயரில் அனுப்புவதற்கு மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பிரிவில் சுனாமியில் முழுதாக வீடிழந்த குடும்பங்கள், கிராம சேவகர் பிரிவுவாரியாக எத்தனை? அவர்களில் இன்றுவரை நிரந்தர வீடு பெறாதோர் எத்தனை? கொடுக்கப்பட்ட வீடுகளில் பெண்ணின் பேரில் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் உள்ளவை எத்தனை?

மூன்றாவது கேள்வியை முதலாவதாகப் போடச் சொல்கிறா உம்மா.