அரிசி மூட்டையும் பூச்சிமருந்தும் ஒரே வண்டியில் வேண்டாம்

உணவு நஞ்சாவது ஓட்டல்காரருக்கும் கல்யாணச் சமையல்காரருக்கும் உள்ள கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மளிகை வியாபாரிகளாகிய நமக்கும் அதில் பொறுப்பு உண்டு.

1958-ம் ஆண்டு கேரளாவில் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். மாவு கெட்டுப் போகவில்லை. அதே கப்பலில் ஏற்றி வந்த ஃபாலிடால் பூச்சிமருந்து கசிந்து மூட்டைகளில் இறங்கியிருந்தது. 1968-ம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வருவதற்கு இந்தச் சாவுகளே வழிவகுத்தன. 2013 ஜூலையில் பீகாரில் சரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் மருந்து கலந்திருந்தது. 2018 டிசம்பரில் நம் மலைக்கு அப்பால், சாமராஜநகர் மாவட்டம் சுளவாடி கோயில் பிரசாதத்தில் 17 உயிர்களைக் குடித்ததும் அதே மருந்துதான். அது சதி என்று வழக்கு நடந்தது. ஆனால் கேரளாவில் நடந்தது கவனக்குறைவு. வியாபாரிகளுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

சத்தியிலிருந்து ஆசனூர், தாளவாடி, கடம்பூர் போகும் சரக்கு வண்டிகளில் அரிசி, சர்க்கரை மூட்டைகளோடு பூச்சிமருந்து டப்பாவும் ஏறுகிறது. ஒரு நடை வாடகை மிச்சம் என்பதே காரணம். மலைப்பாதைக் குலுக்கலில் ஒரு மூடி தளர்ந்தால் போதும். ஆகவே:

1. உணவுச் சரக்கையும் மருந்தையும் ஒரே வண்டியில் ஏற்றவோ ஒரே குடோனில் வைக்கவோ கூடாது.

2. ஈரமோ வாடையோ உள்ள மூட்டையை இறக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். உலர்த்தி விற்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

3. மருந்து இருந்த டின்னில் எண்ணெய் அளந்து கொடுக்கக் கூடாது.

4. குடோனில் வண்டுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு மாற்றுமருந்தே கிடையாது. அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கொண்டே புகையூட்ட வேண்டும்.

சாதாரணமாகக் கெட்ட உணவில் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே வாந்தி பேதி வரும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி கொடுத்து வந்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், மயக்கம், சிறுநீர் வராமை இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

பூச்சிமருந்து அப்படியல்ல. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும். உப்புக் கரைசல் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், மோர் ஊற்றவும் கூடாது. இடதுபக்கமாகப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள். வாந்தியில் வெறுங்கை படக் கூடாது. மருந்து டப்பாவும் மிச்ச உணவும் கூடவே போகட்டும். என்ன நஞ்சு என்று தெரிந்தால் டாக்டர்கள் அட்ரோபின் ஊசியைத் தாமதமின்றிப் போட முடியும்.

2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவை விற்று உயிர் போனால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். அதைவிடப் பெரியது, கடையை நம்பிச் சாமான் வாங்கிப் போகும் மலைக் குடும்பங்களின் உயிர். மருந்துக்கென்று வாரம் ஒரு தனி வண்டி ஏற்பாடு செய்து வாடகையை நாமே பங்கிட்டுக் கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போம்.