சொகுசு கார் வாரண்டி முடியப் போகுது: ரெண்டு லட்சம் கட்டி நீட்டிக்கலாமா?



சரவணம்பட்டில ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்கற தம்பி ஒருத்தர் போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்ணா, கார் வாரண்டி அடுத்த மாசம் முடியுதுங்ணா. ஷோரூம்ல இருந்து தினமும் போன் பண்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு நீட்டிக்க ஜிஎஸ்டியோட ரெண்டு லட்சத்து பத்தாயிரம் கேக்கறாங்க. போட்டுறலாமா, வேண்டாமா?"

நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி காரைப் பத்தி இல்ல. "அவசரத்துக்குன்னு பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கீங்க தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஒரு ஒண்ணரை லட்சம் இருக்குங்ணா" அப்படின்னார்.

பாதி பதில் அங்கயே கிடைச்சிருச்சு. மீதி பாதியைத்தான் இந்தப் பதிவுல பாக்கப் போறோம். இவர் பேரைச் சொல்லல, கணக்கை மட்டும் அவர் அனுமதியோட எழுதறேன். ஏன்னா இதே நிலைமைல கோயமுத்தூர்ல நிறையப் பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

விலை இறங்குச்சு, ஸ்பேர்ஸ் விலை இறங்கல

அவர் வாங்கினது நாலு வருஷம் ஓடின ஒரு ஜெர்மன் செடான். விலை 27 லட்சம். கையில இருந்த 9 லட்சத்தைப் போட்டு, மீதி 18 லட்சத்துக்கு 10.5% வட்டில அஞ்சு வருஷ லோன். மாசம் இஎம்ஐ கிட்டத்தட்ட ₹38,700. முதல் ஓனர் அஞ்சாவது வருஷம் வரைக்கும் வாரண்டியை நீட்டிச்சு வச்சிருந்ததால ஒரு வருஷம் நிம்மதியா ஓட்டிட்டார். இப்ப அந்த நிம்மதி முடியுது.

இதுல பலரும் தவறவிடற ஒரு விஷயம் இருக்குங்க. புதுசுல ஐம்பது, அறுபது லட்சம் போன கார், நாலு வருஷத்துல ஒரு நல்ல புது எஸ்யூவி விலைக்கு வந்துருது. நம்மளும் "அதே காசுக்கு பென்ஸே வாங்கலாமே"ன்னு யோசிக்கறோம். ஆனா கியர்பாக்ஸுக்கோ டர்போவுக்கோ, நீங்க காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது தெரியாது. அந்த ஸ்பேர்ஸோட விலை இன்னும் அறுபது லட்ச ரூபாய் காரோட விலைதான். 27 லட்ச ரூபாய்க் காருக்கான சம்பளத்தை வச்சுக்கிட்டு, 60 லட்ச ரூபாய்க் காருக்கான பில்லைக் கட்டணும். வாரண்டி முடியற அன்னைக்குத்தான் இந்த வித்தியாசம் முழுசா உங்க தலைமேல வந்து உக்காருது.

"இன்சூரன்ஸ் இருக்கே" ன்னு சொல்றவங்களுக்கு

பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், அப்புறம் எதுக்கு வாரண்டின்னு கேக்கறவங்க உண்டு. ரெண்டும் வேற வேற. வெளியில இருந்து வர்ற சேதத்துக்கு, அதாவது விபத்து, திருட்டு, வெள்ளம் இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ். உள்ள இருக்கற பாகம் தானாவே பழுதானா அதுக்கு வாரண்டி.

மழை நாள்ல லங்கா கார்னர் ரயில்வே பாலத்துக்கு அடியில தண்ணி நிக்கறது நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள காரை விட்டு இன்ஜினுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா, வாரண்டிகாரர் கையை விரிச்சிருவார். சாதாரண இன்சூரன்ஸ்லயும் இன்ஜின் சேதத்துக்கு பெரும்பாலும் காசு வராது. இன்ஜின் புரொடெக்ட்ங்கற ஆட்-ஆன் இருந்தாத்தான் பேசவே முடியும். தென்னந்தோப்புக்குள்ள வீடு இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு: எலி வயரைக் கடிச்சதும் வாரண்டில வராது. அது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட பேச வேண்டிய விஷயம்.

பிரேக் பேடு, டிஸ்க், டயர், வைப்பர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் மாதிரி தேயற சாமான் எதுவும் பொதுவா ரெண்டுலயும் வராது. அது உங்க மாசச் செலவு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல போய் காரை விரட்டிப் பாத்துட்டு வாரண்டி கேக்கறதும் நடக்காதுங்க, ரேஸ் டிராக் ஓட்டத்தை பெரும்பாலான வாரண்டி பேப்பர்ல நேராவே விலக்கி வச்சிருப்பாங்க.

இப்ப கணக்கு

ரெண்டு வருஷத்துக்கு ₹2,10,000. மாசத்துக்குப் பிரிச்சா ₹8,750.

நான் தம்பிகிட்ட ஷோரூமுக்கே போய் அஞ்சு பாகத்துக்கு எஸ்டிமேட் வாங்கிட்டு வரச் சொன்னேன்: கியர்பாக்ஸ் மெகாட்ரானிக்ஸ், டர்போ, இன்ஜெக்டர் செட், டைமிங் செயின் வேலை, ஏசி கம்ப்ரஸர். உங்க கார்ல ஏர் சஸ்பென்ஷன் இருந்தா அதையும் சேத்துக்கோங்க. சர்வீஸ் அட்வைசர்கிட்ட கேட்டா கொடுப்பாங்க, வெக்கப்பட வேண்டாம். ஆனா பழைய பில்லை வச்சு முடிவெடுக்காதீங்க. முன்னாடி 28% ஜிஎஸ்டி இருந்த கார் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 18% தான். அடக்க விலை ஒரு லட்சம்னா அப்ப 1,28,000 ஆன பில், இப்ப 1,18,000.

அவர் கொண்டு வந்த எஸ்டிமேட்ல பெரிய தொகை நாலு லட்சத்துக்குப் பக்கம். அதையே வச்சுக்குவோம். ₹2,10,000 கட்டி ₹4,00,000 பில்லைத் தவிர்க்கறது லாபமா இருக்கணும்னா, அந்தப் பழுது வர்றதுக்கு ரெண்டு வருஷத்துல 52 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கணும். அதாவது, ரெண்டு கார்ல ஒண்ணுக்கு மேல அப்படிப் பழுதாகணும். அந்த அளவுக்குப் பழுதானா வாரண்டி விக்கறவங்க கடையைச் சாத்திட்டுப் போயிருவாங்க. அவங்களுக்கு லாபம் வர்ற மாதிரிதான் விலை வச்சிருப்பாங்க, அது தப்பும் இல்ல. சின்னச் சின்ன பழுதையும் சேத்தா அந்த 52 கொஞ்சம் குறையும். இருந்தாலும் சராசரியாப் பாத்தா வாரண்டி வாங்கறவருக்கு நஷ்டம்தான்.

"அப்ப வேண்டாங்களா?"ன்னு உடனே கேட்டார்.

அவசரப்படாதீங்க. சராசரிங்கறது ஆயிரம் கார் வச்சிருக்கறவருக்கு. உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு கார். திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்தற ஒருத்தருக்கு நாலு லட்சம் பில் வந்தா அன்னைக்குச் சாயங்காலம் எரிச்சலா இருப்பார், அவ்வளவுதான். அவர் வாரண்டி எடுக்காம இருக்கறதுதான் புத்திசாலித்தனம். இந்தத் தம்பிக்கு அதே பில் வந்தா? ஒண்ணரை லட்சம் போக மீதி ரெண்டரை லட்சத்துக்கு பர்சனல் லோன், இல்லன்னா கிரெடிட் கார்டு இஎம்ஐ. ஏற்கனவே ₹38,700 போயிட்டிருக்கற சம்பளத்துல இருந்து இன்னொரு இஎம்ஐ. அந்த நேரம் பாத்து வேலை போச்சுன்னா அவசரப் பணமும் கார்லயே கரைஞ்சு போயிருக்கும். ஒரே கார், ஒரே கிலோமீட்டர், ஆனா ரெண்டு பேருக்கு ரெண்டு பதில்.

"வாரண்டிக்குப் பதிலா மாசம் ₹8,750 ஆர்டி போடறேன்"னு சிலர் சொல்வாங்க. 7% வட்டின்னு வச்சா ரெண்டு வருஷ முடிவுல சுமார் ₹2,25,000 கையில இருக்கும், நல்லதுதான். ஆனா கியர்பாக்ஸ் நாலாவது மாசமே போனா அந்த ஆர்டில இருக்கறது ₹35,000. கியர்பாக்ஸ் ஆர்டி முதிர்வு தேதி வரைக்கும் காத்திருக்காதுங்களே.

கோயமுத்தூர்ல இருக்கற இன்னொரு வழி

இந்த ஊர்ல இந்தக் கேள்விக்கு மூணாவதா ஒரு பதிலும் இருக்கு: வெளி ஒர்க்‌ஷாப். 1920ல பொள்ளாச்சி–பழனி ரூட்ல ஒத்தை பஸ்ஸோட ஆரம்பிச்சவர் ஜி.டி.நாயுடு. அவர் பேர்லதான் இப்ப அவிநாசி ரோடு மேம்பாலமே இருக்கு. அவரோட ஊர்ல இரும்பையும் இன்ஜினையும் புரிஞ்சவங்களுக்குப் பஞ்சமே இல்ல. பவுண்டரி, பம்ப் செட், லேத் பட்டறைன்னு வளர்ந்த ஊர் இது. ஷோரூம்ல "முழு யூனிட்டும் மாத்தணும்"னு சொல்ற இடத்துல, பிரிச்சுப் பாத்து கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாத்தித் தர்ற ஆளுங்க இங்க இருக்காங்க. அதனால வாரண்டி இல்லாம இருக்கறதோட ஆபத்து, வேற பல ஊர்களைவிட இங்க கொஞ்சம் கம்மின்னு நான் நினைக்கறேன். ஆனா நல்ல ஒர்க்‌ஷாப் எதுன்னு பழுது வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். கார் நடுரோட்டுல நின்னதுக்கு அப்புறம் தேடினா கிடைக்கறவர்கிட்டதான் போவோம்.

இங்க ஒரு சட்ட விஷயமும் இருக்கு. "வெளில ஒரு தடவை ஆயில் மாத்தினாக்கூட வாரண்டி கேன்சல்"னு ஷோரூம்ல சொல்வாங்க. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்கு ₹2,544 கோடி அபராதம் போட்டுச்சு. ஸ்பேர்ஸை வெளி மெக்கானிக்குக் கிடைக்க விடாம வச்சிருந்தாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. பென்ஸும் பிஎம்டபிள்யூவும் அந்தப் பட்டியல்ல இருந்தாங்க. வெளி ஒர்க்‌ஷாப் போனதுக்காகவே மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக் கூடாது, அங்க செஞ்ச தப்பான வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம்னு அந்த உத்தரவு சொல்லுச்சு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அதனால இதை நம்பி வாரண்டி காலத்துல வெளியில விட்டுட்டு அப்புறம் சண்டை போடலாம்னு நினைக்காதீங்க. காசு கட்டி வாரண்டி எடுத்தா, சர்வீஸையும் தேதி தவறாம ஷோரூம்லயே பண்ணுங்க, ஒவ்வொரு பில்லையும் வச்சிருங்க. அந்தக் கூடுதல் சர்வீஸ் செலவையும் வாரண்டி விலையோட சேத்துப் பாக்கணும். இதைப் பலரும் கணக்குல எடுக்கறதே இல்ல.

பேப்பர்ல யார் கையெழுத்து?

வாரண்டி தர்றது யாருன்னு பாருங்க. கார் கம்பெனியா, இன்சூரன்ஸ் கம்பெனியா, இல்ல டீலரோட ஏற்பாட்டுல வேற யாராவதா? எல்லாத்துக்கும் பேர் எக்ஸ்டெண்டட் வாரண்டிதான். ஆனா கிளெய்ம் வர்றப்ப வித்தியாசம் தெரியும். அமெரிக்கால டிவி விளம்பரம் முழுக்க வந்துட்டிருந்த கார்ஷீல்டுங்கற கம்பெனி, விளம்பரத்துல சொன்னது ஒண்ணு, பேப்பர்ல கொடுத்தது ஒண்ணுன்னு அரசாங்க அமைப்பு போட்ட வழக்குல 2024 ஜூலைல 1 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அங்கயே அப்படின்னா நம்மளும் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். என்னோட முதல் செகண்ட் ஹேண்ட் கார்ல நானும் மூணு பக்கத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டவன்தான். ஏசி போனப்பதான் கம்ப்ரஸர் லிஸ்ட்லயே இல்லன்னு தெரிஞ்சுது.

படிக்கறப்ப விலக்குப் பட்டியலை முதல்ல படிங்க. ஒரு கிளெய்முக்கு உச்ச வரம்பு இருக்கா, கிலோமீட்டர் வரம்பு இருக்கா, லேபர் சேருமா, காரை வித்தா அடுத்த ஓனருக்கு மாறுமா, இதெல்லாம் எழுத்துல இருக்கணும். டீசல் கார்னா டிபிஎஃப் அடைப்பைப் பத்தி தனியாக் கேளுங்க. பிஎஸ்6 டீசலை தினமும் சரவணம்பட்டி–பீளமேடுன்னு மட்டும் ஓட்டினா அதுல கரி அடைஞ்சுக்கும், அது உங்க ஓட்டற பழக்கம்னு சொல்லிருவாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை சேலம் ரோட்டுல பவானி வரைக்கும் ஒரே வேகத்துல போயிட்டு வந்தா அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சரியான கிளெய்மை மறுத்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட அளவுலயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல.

வாரண்டி வேண்டாம்னு நான் தைரியமா சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. ஆறேழு மாசத்துல காரை விக்கப் போறவங்க, வாரண்டி மாறாதுன்னா. வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் கூட ஓட்டாதவங்க. அவசரப் பணத்தைத் தொடாம தனியா நாலஞ்சு லட்சம் வச்சிருக்கறவங்க. மத்தவங்க, அதுவும் லோன்ல வாங்கினவங்க, எடுத்துக்கறதுதான் நல்லது. சராசரில நஷ்டம்னு தெரிஞ்சேதான் சொல்றேன்.

நம்ம தம்பி என்ன பண்ணினார்? ரெண்டு வருஷம் வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மட்டும் விலை சொல்லுங்கன்னு கேட்டார். ₹1,15,000 சொன்னாங்க. வருஷக் கணக்குல பாத்தா கொஞ்சம் அதிகம்தான், ஆனா கையில ஒண்ணரை லட்சம் மட்டும் இருக்கறப்ப ரெண்டு லட்சத்து பத்தாயிரம் கட்டறதுக்கு வழியே இல்ல. இந்த மாச போனஸ்ல அதைக் கட்டிட்டு, கூடவே மாசம் ₹9,000 ஆர்டியும் ஆரம்பிச்சிருக்கார். அடுத்த வருஷம் இதே நேரம் அது வட்டியில்லாமலே ₹1,08,000 ஆகியிருக்கும், பழைய ஒண்ணரை லட்சமும் அப்படியே இருக்கும். அப்ப மறுபடி உக்காந்து பேசலாம்னு சொல்லியிருக்கேன்.

போனை வைக்கறதுக்கு முன்னாடி, "ஒருவேளை காரையே வித்துட்டா எப்படிங்ணா?"ன்னு மெதுவாக் கேட்டார். அந்தக் கணக்கையும் போட்டு வைங்க தம்பின்னேன்.