தாய்மைக்கால உடற்பயிற்சி

‘பெறு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் ‘பேறு’. கல்விப்பேறு, செல்வப்பேறு என வழங்குவது போலவே பிள்ளைப்பேறு என்றும் வழங்குகிறோம். ஆயினும் பெற்ற குழந்தையைப் பற்றிப் பேசும் அளவிற்குப் பெற்றவளின் உடலைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒன்பது மாதம் சுமந்த வயிறும் இடுப்பும் முதுகும் பேற்றிற்குப் பின் தாமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். எல்லாருக்கும் அவ்வாறு திரும்புவதில்லை.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கருவுற்ற பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யச் சொன்னால், “காட்டு வேலை செய்கிறவளுக்குப் பயிற்சி எதற்கு?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. கேழ்வரகுக் கொல்லையில் களையெடுப்பவர், பாலக்கோட்டுப் பகுதியில் குனிந்தபடியே தக்காளி பறிப்பவர், நாள் முழுவதும் அமர்ந்து புளியின் ஓட்டையும் கொட்டையையும் நீக்குபவர் ஆகியோரின் உடல் ஓய்ந்திருப்பதில்லை. ஆனால் இவ்வேலைகளில் ஒரே தசைகள் மீண்டும் மீண்டும் களைப்படைகின்றன. வேறு சில தசைகளோ அசைவதே இல்லை. வேலை முடியும் வரை நிறுத்தவும் இயலாது. பயிற்சியில் எந்தத் தசை, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பவற்றை அந்தப் பெண்ணே முடிவு செய்கிறாள். உழைப்பு மிகுந்த பெண்ணுக்குப் பயிற்சியோடு ஓய்வும் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வகைப் பயிற்சிகளுள் இன்று நகரங்களில் பெரிதும் பேசப்படுவது பிலாட்டீஸ். செருமனியில் 1883ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. முதல் உலகப்போரின்போது அவர் இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே உடன் இருந்தோருக்குத் தம் பயிற்சிகளைக் கற்பித்தார். பின்னர் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கன்ட்ராலஜி’, கட்டுப்பாட்டியல் எனலாம். மூச்சையும் அசைவையும் இணைத்து, விரைவின்றி, உடலின் நடுப்பகுதியை வலுப்படுத்துவதே இதன் அடிப்படை. இது கருவுற்ற பெண்களுக்கென உருவாக்கப்பட்டதன்று. அவர்களுக்கு ஏற்பப் பல அசைவுகளை நீக்கியும் மாற்றியும் பிற்காலத்தவர் அமைத்துக்கொண்டனர். ஆகவே கைப்பேசிக் காணொளியில் காணும் பயிற்சிகளை எல்லாம் அப்படியே செய்துவிடக் கூடாது.

உடலின் நடுப்பகுதியை ஒரு பானை எனக் கொள்வோம். மேல்மூடி உதரவிதானம். முன்புறமும் பக்கங்களும் வயிற்றின் ஆழ்தசைகள். பின்புறம் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். அடிப்பகுதியில், முன் இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி போலத் தொங்குபவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது இத்தூளியே. கருவுற்ற காலத்தில் இதன்மீது சுமை நாள்தோறும் கூடுகிறது. ரிலாக்சின் முதலிய சுரப்புநீர்களால் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. முன்தள்ளும் வயிற்றை ஈடுசெய்ய முதுகு பின்னோக்கி வளைகிறது. இடுப்புவலிக்கு இவை காரணங்களாகின்றன.

இத்தூளி தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் குடம் தூக்கும்போதும் சிறுநீர் கசியும். இது வெளியே சொல்லப்படாத துன்பம். கசிவுக்கு அஞ்சித் திருமண வீட்டிற்கும் பேருந்துப் பயணத்திற்கும் செல்லாமல் ஒதுங்கும் பெண்கள் உண்டு. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்னும் ஒரே தொடரால் அவர்கள் வாய் அடைக்கப்படுகிறது. அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டிலேயே இத்தசைகளுக்கான பயிற்சியை விளக்கி எழுதினார். பயிற்சி எளியது. சிறுநீரை அடக்குவது போலத் தசைகளை இறுக்கி மேல்நோக்கி இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, முழுவதும் தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. மூச்சைத் தம் கட்டக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகவும் கூடாது.

கருவுற்ற காலத்தில் கருத வேண்டியவை

உடல்நலத் தடை ஏதுமில்லாத கருவுற்ற பெண்களும் குழந்தை பெற்ற பெண்களும் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கம் கொள்ளலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. மிதம் என்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை: பயிற்சியின் நடுவே தடையின்றிப் பேச முடிந்தால் அது மிதம். பேச்சு தடைபட்டால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

‘தடை ஏதுமில்லாத’ என்னும் அடையே இங்கு முதன்மையானது. குருதிப்போக்கு, நஞ்சு கருப்பையின் வாயை மறைத்திருத்தல், பேறுகால உயர் இரத்த அழுத்தம், குறைமாதப் பேற்றின் அறிகுறி, கடுமையான இரத்தசோகை, இதயநோய் ஆகியவை இருப்பின் மருத்துவர் அனுமதியின்றி எதையும் தொடங்கலாகாது. இரத்தசோகையை நம் ஊர்களில் பலர் நோயாகவே கருதுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை முறையாக உண்பது பயிற்சிக்கும் முந்திய கடமை.

முதல் மூன்று மாதங்களுக்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கனத்த கருப்பை, இதயத்திற்குக் குருதியைக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால் தலைசுற்றல் உண்டாகலாம். ஒருக்களித்துப் படுத்தோ, அமர்ந்தோ, சுவரில் சாய்ந்தோ, கை முழங்கால்களை ஊன்றியோ செய்யலாம். குப்புறப் படுத்தல், வயிற்றை முறுக்குதல், இரு கால்களையும் ஒருசேர உயர்த்துதல், துள்ளுதல் ஆகியவை வேண்டா. கடும் வெயிலிலும் செய்ய வேண்டா.

குருதி கசிதல், பனிக்குட நீர் வெளியேறுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, மயக்கம், கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவமனையை நாட வேண்டும். 108 ஊர்தியை அழைக்கத் தயங்கக் கூடாது. மலையூர்களில் வாழ்வோருக்கு இத்தயக்கம் இன்னும் கேடானது. சாலை தொலைவாக இருக்கும் இடத்தில் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

பேற்றிற்குப் பின்

குழந்தை பிறந்தபின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. துணி சற்றுத் தாங்கலாம். தசையின் வேலையை அது செய்யாது. மிக இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிச் சென்று இடுப்புத்தளத்தை மேலும் வருத்தும். இயல்பான பேறாயின், வலி தணிந்த சில நாள்களிலேயே ஆழ்ந்த மூச்சும் இடுப்புத்தளப் பயிற்சியும் சிறு நடையும் தொடங்கலாம். அறுவை மகப்பேறாயின் மருத்துவர் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். வயிற்றின் நடுவே தசைகள் விலகி, எழும்போது மேடுபோலப் புடைக்குமாயின், படுத்தெழும் வயிற்றுப் பயிற்சிகள் அவ்விலகலைக் கூட்டக்கூடும். தளர்ந்த மூட்டுகள் இறுகச் சில மாதங்கள் ஆகும் என்பதால் அவசரம் உதவாது. மிதமான பயிற்சியால் தாய்ப்பால் குறையும் என்னும் அச்சத்திற்கு அடிப்படை இல்லை.

இவற்றைக் கற்க நகரத்துப் பயிற்சிக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பாயும் ஒரு சுவரும் போதும். ஐயம் எழுந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்கலாம். 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் அடங்கும். மாணவர்களும் தம் வீட்டு அக்காள், அண்ணியருக்கு ஒன்றைச் செய்யலாம்: தண்ணீர்க் குடத்தைத் தாமே தூக்கி வரலாம். அவரே தூக்க நேர்ந்தால், முழங்காலை மடக்கி, இடுப்புத்தளத்தை முதலில் இறுக்கி, மூச்சை வெளிவிட்டபடி எழ வேண்டும்.