ஆனைக்கா யானையும் டியூப்லைட் பூச்சியும்

தில்லை நகர் டீக்கடை. ராத்திரி எட்டரை மணி. டியூப்லைட்டைச் சுத்திக்கிட்டிருந்த அந்துப்பூச்சி ஒண்ணு, விலங்கியல் மாணவர் ஒருத்தரோட ரெக்கார்டு நோட்டுல வந்து உக்கார... 'இதெல்லாம் எதுக்குடா பூமியில இருக்கு?'னு கையை ஓங்கிட்டார். அன்னிக்குக் காலையிலதான் 'கடல் பசுவைக் காப்போம்'னு காலேஜ்ல போஸ்டர் ஒட்டினவர் அவர்!

கடல் பசுவுக்கு நம்ம மீனவர்கள் வெச்ச பேர் ஆவுளியா. முதுகெலும்பு உண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சு விடத் தண்ணிக்கு மேல வந்தாகணும். வகைப்பாட்டுல 'சைரீனியா' வரிசை. இப்ப உயிரோட இருக்குற சொந்தக்காரங்க மொத்தம் 4 இனம்தான்: ஆவுளியா ஒண்ணு, மானாட்டி மூணு. ஐந்தாவதா இருந்த ஸ்டெல்லர் கடல் பசுவை 1741-ல கண்டுபிடிச்சாங்க. 1768-க்குள்ள வேட்டையாடியே முடிச்சுட்டாங்க. வெறும் 27 வருஷம்!

தரையில ஆவுளியாவுக்கு நெருங்கின உறவு யாரு தெரியுமா? யானை!

அந்துப்பூச்சி கணுக்காலி. வண்ணத்துப்பூச்சியும் அதுவும் ஒரே வரிசை. அதுல பேர் வெச்ச இனங்களே சுமார் 1,60,000. வண்ணத்துப்பூச்சிகள் அதுல எட்டுல ஒரு பங்குதான். ஆனா 2015-ல மேலணை பக்கத்துல 25 ஏக்கர் பூங்கா யார் பேர்ல திறந்தாங்க? அழகா இருக்குறவங்க பேர்லதான்!

திருவானைக்கா தலபுராணத்துல யானையும் சிலந்தியும் போட்டி போட்டுக்கிட்டு சிவனைக் கும்பிட்ட கதை ஞாபகம் இருக்கா? யானை ஆவுளியாவோட சொந்தம். சிலந்தி பூச்சி இல்ல, ஆனா அதுவும் கணுக்காலி. ரெண்டு வம்சமும் நம்ம ஊர்லயே இருக்கு பாருங்க.

ஆவுளியாவுக்கு இப்பக் கொஞ்சம் நல்ல காலம். வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இடம். 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரப் பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர் காப்பகம். ஆனாலும் 3-லிருந்து 7 வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். வலையில சிக்கினா மூச்சு முட்டிச் செத்துடும். வலையை அறுத்து விடுற மீனவருக்கு வலை நஷ்டம். அதைச் சரிக்கட்ட வனத்துறை பரிசுப் பணம் கொடுத்திருக்கு.

அந்துப்பூச்சிக்கு? உலகச் சிவப்புப் பட்டியல்காரங்க பெரும்பாலான இனங்களை இன்னும் மதிப்பீடே பண்ணலை. கணக்கு இல்லாததால, காணாமப் போனாலும் தெரியாது. அது விளக்கைச் சுத்துறது ஆசையால இல்லைனு 2024-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பறக்கும்போது முதுகை வெளிச்சத்துப் பக்கம் திருப்புறது பூச்சிக்குப் பழக்கம். ராத்திரி வானம்தான் தரையைவிட வெளிச்சம். நடுவுல நாம டியூப்லைட் போட்டா அதுதான் வானம்னு சாஞ்சு, சுத்திச் சுத்தி மாட்டிக்குது.

இதைச் சொன்னதும் நம்மாளு ஓங்கின கையை இறக்கினார். ரெக்கார்டு நோட்டை அப்படியே தூக்கிட்டு, வெளிச்சம் படாத சந்துக்குள்ள போய் மெதுவா உதறினார்.

"இது என்ன இனம் பாஸ்?"னு கேட்டோம். தலையைச் சொறிஞ்சார்.